காற்றில் பிறந்த பொடி

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது வீட்டில் இருந்தது நான். தூக்கி உட்கார வைத்தது, வண்டி பிடித்தது, எக்ஸ்ரே அறைக்கு வெளியே அவளுடைய கம்மலையும் வளையலையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு நின்றது எல்லாம் நான்தான். மாலையில் ஆப்பிள் பையோடு வந்து சேர்ந்த தம்பியைப் பார்த்ததும் அம்மா, “வந்துட்டியா, இனிமே எனக்கென்ன கவலை” என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கைக்குக் குஞ்சுகள் இரண்டு. பொன் ஒன்றுதான்.

எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தது, விழுந்ததில் மிச்சமும் போயிற்று, அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். தேய்ந்ததை அறுத்து எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பார்கள். அந்த உலோகத்தை எலும்போடு பிடித்து வைக்க ஒரு சிமெண்ட் உண்டு. வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை, ஒரு வகைப் பிளாஸ்டிக். வெள்ளைப் பொடியையும் ஒரு திரவத்தையும் ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்திலேயே கலப்பார்கள். சில நிமிடங்களில் அது பிசைந்த மாவு போலாகி, பிறகு கல்லாக இறுகிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க, அந்த மனிதர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் அதுதான் தாங்க வேண்டும்.

அந்தப் பொடியைத்தான் எங்கள் ஆலை செய்தது. செய்யும் முறை என்னுடையது. விற்றவன் என் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் வரலாம்.

“அம்மாவுக்கு நம்ம பொடிதான்” என்று அவன் அன்றைக்கே, டாக்டர், நர்ஸ், பார்க்க வந்த சித்தி எல்லோர் முன்னாலும் அறிவித்தான். “உன் பொண்ணு செஞ்சதும்மா. உன் இடுப்புல உன் பொண்ணு உழைப்பு இருக்கும்.”

“நீ சொன்னா சரிதாண்டா” என்றாள் அம்மா. சொன்னது அவனுக்காக இருந்தாலும், என் வேலையைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கலங்கியது.

இந்தப் பொடியை மற்றவர்கள் சோப்புக் கலந்த தண்ணீரிலோ, மூக்கைத் துளைக்கும் கரைப்பானிலோ செய்வார்கள். பிறகு கழுவுவார்கள், திரும்பத் திரும்பக் கழுவுவார்கள், அப்போதும் ஏதோ ஒரு மிச்சம் உள்ளே இருக்கும். நான் தண்ணீரையும் விட்டேன், கரைப்பானையும் விட்டேன். கார்பன் டையாக்சைடு போதும் என்றேன். நாம் வெளியே விடுகிற மூச்சில் இருப்பது, சோடா பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று வருவது, அதுவேதான். அதை ஒரு கனத்த எஃகுக் கலத்தில் அடைத்து, நன்றாக அமுக்கி, கொஞ்சம் சூடாக்கினால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்குப் போய்விடும். வாயு மாதிரி எங்கும் புகும், திரவம் மாதிரி கரைக்கும். அதற்குள் மூலப்பொருளை விட்டுக் கலக்கினால் சங்கிலி சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு பிளாஸ்டிக் வளரும். வளர்ந்து முடிந்ததும் வால்வைத் திறந்தால் வாயு தன் வழியே போய்விடும். கீழே காய்ந்த மாவு மாதிரி பொடி மட்டும் கிடக்கும். கழுவவும் வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம்.

கலத்தின் பக்கவாட்டில் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. சூடு ஏற ஏற, உள்ளே திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே தெரிகிற கோடு மங்கி, கலங்கி, ஒரு நொடியில் காணாமல் போகும். அதை முதலில் பார்ப்பவர் “கோடு போச்சு!” என்று கத்த வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். படித்தவர்கள் வேலை செய்யும் இடம்தான், ஆனாலும் கத்துவோம்.

உலகத்தில் இந்த வழியில் போனவர்களுக்கெல்லாம் ஒரே தொல்லை. வளரும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். ஒட்டாமல் இருக்க விலையுயர்ந்த சேர்மானம் எதையாவது போடுவார்கள். எங்களுக்கு மட்டும் ஒன்றும் போடாமலே பொடி வந்தது. நான் கலக்குகிற வேகம்தான் காரணம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதற்கு ஒரு கோட்பாடு கட்டி, மேடை மேடையாகப் பேசி, கைத்தட்டலும் வாங்கினேன். தம்பி அதைத் தன் தொழில் மொழிக்கு மாற்றினான்: “காத்துல பொறந்த பொடி. வேற எதுவும் தொட்டதே இல்லை.” போட்டிக் கம்பெனியின் பொடிக்கு அவன் வைத்த பெயர், சோப்புத் தண்ணியில குளிச்ச பொடி. ஒரு வருடத்துக்குள் மருத்துவமனைகள் வரிசையாக எங்கள் பக்கம் வந்துவிட்டன.

கலத்தின் மூடியைக் கழற்றி மாட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் ‘மூடி’ என்றுதான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். அம்மா விழுந்த அதே வாரம் அவர் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போனார். நானே மூடியை மாட்டினேன். சுவரில் விதிமுறை ஒட்டியிருக்கிறது, எழுதியதும் நான்தான்: மூடிக்கு அடியில் வரும் ரப்பர் வளையத்தைத் துடைத்து, உலர்வாக வைக்க வேண்டும். துடைத்தேன், உலர்வாக வைத்தேன்.

வாயுவை மெல்ல மெல்லத்தான் வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் துகளுக்குள் மாட்டிக்கொண்ட வாயு வெடித்து எல்லாம் ரொட்டி மாதிரி உப்பிவிடும். அப்படிப் பொறுமையாக இறக்கிவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே பொடி இல்லை. கலக்கியைச் சுற்றி முஷ்டி முஷ்டியாக வெள்ளைக் கட்டி. தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் கட்டி. மூன்றாவது தடவையும் அதே கட்டி வந்தபோது மூடிக்குப் போன் செய்தேன்.

“பேத்தி பொறந்திருக்கா மேடம்” என்றார்.

வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கேட்டேன். “மூடி மாட்டும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்றது, வளையத்துக்கு வெண்ணெய் தடவுவேன்.”

எங்கள் கூடத்தில் வெண்ணெய் என்றால் சிலிக்கோன் கிரீஸ். வால்வு திருகிகளுக்குப் போடுவது, வெள்ளை வெளேரென்று இருக்கும்.

“எவ்வளவு தடவுவீங்க?”

“தாராளமாத்தான். இல்லேன்னா வளையம் ஊதிப்போய் மூடியைப் பிடிச்சுக்குதே மேடம். அதைக் கழட்ட என் முதுகுதானே போகுது?”

“திரும்பத் திறக்கும்போது அந்த வெண்ணெய் அங்கயே இருக்குமா?”

“அதான் அதிசயம். துடைச்சு எடுத்த மாதிரி இருக்கும். நல்ல சரக்கு மேடம், கையைக்கூடக் கழுவ வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அமுக்கிய கார்பன் டையாக்சைடுக்குப் பிடித்த பண்டங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று சிலிக்கோன். இதை நானே பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். வளையத்தில் தடவியதை அது நக்கி எடுத்து, கலம் முழுக்கக் கொண்டுபோய், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை போட்டுவிட்டிருக்கிறது. அதனால்தான் துகள்கள் ஒட்டவில்லை. என் கலக்கும் வேகம், என் கோட்பாடு, எனக்குக் கிடைத்த கைத்தட்டல் எல்லாம் ஒரு மனிதரின் முதுகு வலியிலிருந்து வந்தவை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தச் சட்டையோடு பொடி எங்கே போகிறது என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் பொடியிலும் போட்டிக் கம்பெனிப் பொடியிலும் சிமெண்ட் கலந்து விரல் நீளக் குச்சிகள் வார்த்தேன். ஒரே தடவை இழுத்துப் பார்த்தால் இரண்டும் சமம். நாங்கள் விற்பதற்காகச் செய்கிற சோதனை அது மட்டும்தான். நடக்கிறவர் இடுப்பு போல மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, இயந்திரத்தை விடாமல் ஓட வைத்தேன். போட்டிக் கம்பெனிக் குச்சிகள் தாங்கின. எங்களுடையவற்றில் பாதிக்கு மேல் வெகு சீக்கிரமே விரிசல் விட்டன. வழுக்குகிற சட்டை போட்ட துகளை எந்தச் சிமெண்டும் சரியாகப் பிடிக்காது.

உடைந்த குச்சிகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனேன். அவன் மேசையில் அவற்றைக் கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்பதில் அவன் கெட்டிக்காரன், அதுவும் விற்பனையில் ஒரு பாதிதானே.

“உள்ள போற கிரீஸ் எவ்வளவு இருக்கும்?”

“கடுகளவு.”

“கடுகளவுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? இதுவரைக்கும் யாராவது வந்து, என் இடுப்பு கழண்டு போச்சுன்னு சொன்னாங்களா?”

“வித்தே ஒரு வருஷம்தான்டா ஆகுது. இது நாலஞ்சு வருஷம் கழிச்சு வர்ற வினை. விரிசல் உள்ளுக்குள்ளயே ஓடும். மூட்டு ஆட ஆரம்பிக்கும். மறுபடி அறுக்கணும். அந்த வயசுல ரெண்டாவது தடவை அறுத்தா எத்தனை பேர் எழுந்து நடப்பாங்க, சொல்லு.”

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “சரி, என்ன பண்ணணுங்கிற?”

“நிறுத்தணும். வித்ததைத் திரும்ப எடுக்கணும். நாளைக்கே டைரக்டர்கிட்ட சொல்லப்போறேன்.”

“சொல்லு, வேண்டாங்கல. ஆனா குச்சி வேற, எலும்பு வேற. இன்னொரு தடவை ஒழுங்கா சோதிச்சுப் பாக்க எவ்வளவு நாளாகும்?”

“ஒரு மாசம்.”

“அப்போ பாத்துட்டே சொல்லேன். பாதி தெரிஞ்சுகிட்டுக் கத்தினா ஆலையும் போகும், உன் பேரும் போகும். நான் என்ன கல்நெஞ்சக்காரனா அக்கா? அம்மாவுக்கே அதைத்தான் வைக்கப்போறோம். துளி சந்தேகம் இருந்தா பெத்த தாய்க்கு வெப்பேனா?”

அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். அவன் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்வான், ஆனால் அம்மா விஷயத்தில் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. அவன் சொல்வது சரியாக இருந்தால் என் முறையும் பிழைத்துவிடும் என்று ஒரு சபலம். ஒரு மாதம் பொறுக்கிறேன் என்றேன். இரண்டாவது சோதனை பாதியில் இருக்க, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மனசு கேட்காமல், “அம்மாவுக்கு வேற ஏதாவது பாக்கலாமாடா?” என்று கேட்டேன். “உன் பொடியை நீயே நம்பலேன்னா ஊர் எப்படிக்கா நம்பும்?” என்றான். என் ரோஷம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் நாளன்று காலையில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தார். மிஷினை மிதித்து மிதித்தே இடுப்பு தேய்ந்தவர். அம்மாவுக்கு அடுத்தபடியாக அவருக்கும் அதே ஆபரேஷன். கூட இருந்த மகள் அழுதுகொண்டே இருந்தாள். “ஏண்டி அழறே, எனக்குப் புது இடுப்பு வருதுடி, இனிமே உனக்கு முன்னால ஓடுவேன்” என்று அந்த அம்மா அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

தம்பி அவர் பக்கம் திரும்பி, “ஓடத்தான் போறீங்கம்மா” என்றான். “உங்களுக்குக் காத்துல பொறந்த பொடி. எங்க அக்கா செஞ்சது.” மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். பிறகு அவன் டீ வாங்கப் போனான்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு தட்டோடு வந்தார். “அம்மாவுக்கு உள்ள கொண்டு போற பொருள், ஒரு தடவை பாத்துக்கோங்க. சிமெண்ட் உங்க தம்பி கொண்டு வந்து கொடுத்தது. ஒண்ணு போதும், இன்னொண்ணு கைவசம் இருக்கட்டும்னு சொன்னார்.”

தட்டில் இரண்டு பச்சைப் பெட்டிகள் இருந்தன. போட்டிக் கம்பெனியின் பச்சை. சோப்புத் தண்ணீரில் குளித்த பொடி.

“சிஸ்டர், பக்கத்துல அந்த அம்மாவுக்கு எது?”

“அவங்களுக்கு உங்க கம்பெனிதுதான். இங்க இப்போ எல்லாருக்கும் அதுதானே. உங்க தம்பிதான் மாத்தி விட்டார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் நர்ஸ். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார், அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா போகும்போது, “தம்பி எங்கே, தம்பி எங்கே” என்று தேடிக்கொண்டே போனாள்.

இன்னொரு பெட்டியோடு வராந்தாவுக்குப் போனேன். இரண்டு கையிலும் டீயோடு எதிரே வந்தவன் பெட்டியைப் பார்த்ததும் நின்றான். வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் எரிச்சல்தான் தெரிந்தது.

“என்னடா இது?”

“அம்மாவாச்சேக்கா. ரிஸ்க் எடுக்க முடியுமா?”

“ரிஸ்க்கே இல்லேன்னு சொன்னியேடா!”

“இல்லதான். இருந்தாலும்...”

“அந்தத் தையல்காரம்மா?”

அவன் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தான். “அவங்கவங்க அம்மாவை அவங்கவங்கதான் பாத்துக்கணும்” என்றான், சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றுவரை தோன்றுகிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவன் ஊருக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டு உபதேசமும் செய்தவன். அவனைத் தாண்டி ஆபரேஷன் அறைக் கதவருகே போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே வந்து கெஞ்சினான்.

“அக்கா, வேண்டாம். என் வாழ்க்கையே போயிடும்.”

“என்னோடதும்தான்டா போகும்.”

ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன். டாக்டர் முகக் கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். “அம்மா நல்லா இருக்காங்க. மூட்டு அழகா உக்காந்திருக்கு.” நான் பெட்டியை நீட்டினேன். அடுத்த அம்மாவுக்கு இதை வையுங்கள், எங்கள் பொடி வேண்டாம் என்றேன். வளையம், வெண்ணெய், விரிசல் விட்ட குச்சிகள் எல்லாவற்றையும் அங்கேயே நின்றபடி சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“மூணு வாரமா.”

“இந்த மூணு வாரத்துல நான் எத்தனை பேருக்கு வெச்சேன் தெரியுமா?” என்றார். எண்ணிக்கையைச் சொல்லவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கலத்தை நிறுத்தினார்கள், விற்ற பெட்டிகள் திரும்பி வந்தன. ஏற்கெனவே இடுப்புக்குள் போனது மட்டும் திரும்பி வர முடியாது. அவர்களை வருடா வருடம் கூப்பிட்டுப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் பேச வேண்டியதை வெளியில் போய்ப் பேசிவிட்டாய் என்று என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். தம்பியையும்தான் அனுப்பினார்கள். ஆனால் வாய் உள்ள பிள்ளை பிழைக்கும். சில மாதங்களிலேயே அவனைப் பச்சைப் பெட்டிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏழு தடவை குளித்த பொடி என்று இப்போது விற்கிறானாம். நன்றாகப் போகிறதாம்.

அம்மா மருத்துவமனையிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதக்கணக்கில் நான் போன் செய்தால் எடுக்கவில்லை. ஒருநாள் அவன் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு தேறியிருந்தது.

“தம்பியைக் கெடுத்தாச்சு, இன்னும் எதுக்கு வந்தே?”

“அவன் செஞ்சது என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா? அந்தத் தையல்காரம்மாவுக்கு...”

“எல்லாம் தெரியும், அவனே சொன்னான்” என்றாள். “அவன் ஊருக்கு என்ன வேணா பண்ணட்டும். எனக்குன்னு தனியாப் பெட்டி வாங்கிட்டு வந்தான். உனக்குக்கூடத் தெரியாம வாங்கிட்டு வந்தான். நீதான் படிச்சவ. அது உடையும்னு உன் கண்ணால பாத்தவ. பாத்துட்டு, அதை எனக்கு வெக்கப்போறாங்கன்னு நெனச்சுகிட்டே என் பக்கத்துல உக்காந்திருந்தியே. அந்தப் பச்சைப் பெட்டி உன் கண்ணுல படலேன்னா அன்னிக்கு வாயைத் திறந்திருப்பியாடி?”

“அப்படி இல்லம்மா...” என்று ஆரம்பித்தேன்.

அம்மா கேட்க நிற்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடிக்காமலே எழுந்து, தடியும் இல்லாமல் உள்ளறைக்கு நடந்து போனாள். நல்ல நடை. எங்கும் ஆடவில்லை.